உட்கார்ந்து சாப்பிடாத டீச்சர்

என் கடை மாடியில் சுனோக் குடிவந்தபோது என்ன தொழில் என்று கேட்டேன். "சாப்பிடக் கத்துக் குடுக்கிறேன், அக்கா" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொரியாவில், தேகு நகரச் சந்தையில் இருபத்திரண்டு வருஷமாகத் தொடுகறி விற்கிறவள் நான். நெத்திலி வறுவல், கீரை, காரம் போட்டுப் புளிக்கவைத்த கிம்ச்சி என்று தினமும் பதினெட்டு வகை. சாப்பிடக் கற்றுக்கொள்ளக் காசு கொடுத்தவர்களை அதுவரை பார்த்ததில்லை.

ஆனால் வந்தார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள். மாசக்கணக்கில் பட்டினி கிடந்து, உடம்பை வற்றவைத்து, ஸ்டுடியோவுக்குப் போய் அரைகுறை உடையில் படம் பிடித்துக்கொள்வது எங்கள் ஊரில் ஒரு மோகம். படம் எடுத்த பிறகு சிலருக்குச் சோற்றைத் தொடக் கை வராது, சிலருக்கு நிறுத்தத் தெரியாது. அவர்களைத்தான் சுனோக் பார்த்துக்கொண்டாள். நாற்பத்தாறு வயது, கட்டுமஸ்தான குள்ள உடம்பு, மடங்கிப்போன காது. பள்ளியில் ஜூடோ மல்யுத்தம் ஆடியவள், காது மடங்கியது அதில்தான்.

இங்கே உடம்பைக் குறைக்கவைக்கிற எல்லாப் பயிற்சியாளர்களும் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டையும் படம் பிடித்து அனுப்பச் சொல்வார்கள். ஒரு கரண்டி சோறு கூடிவிட்டால் திட்டு விழும். சுனோக்கும் படம் கேட்பாள், ஆனால் அளவைப் பற்றிப் பேச மாட்டாள். அவளிடம் எடை மெஷினே கிடையாது. எந்தப் படம் வந்தாலும் ஒரே பதில்தான்: "ருசியா இருந்துச்சா?"

"இதைக் கேக்கவா உனக்குச் சம்பளம்?" என்று கேலி செய்வேன்.

"இத்தனை வருஷத்துல உங்க வாடிக்கைக்காரங்களை ஒரு தடவையாவது கேட்டிருக்கீங்களாக்கா?" என்பாள். நான் கேட்டதில்லை.

அவளிடம் வந்தவர்களில் ஹேரிம் ஒருத்தி. இருபத்தாறு வயது, தெருமுனை மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. மதியம் ஒரு மணிக்கு என் கடைக்கு வருவாள். இருக்கிற ஒற்றை மேஜையில் சோறு, சூப், மூன்று தொடுகறி வைப்பேன். படம் பிடித்து டீச்சருக்கு அனுப்புவாள். அப்புறம் ஸ்பூனைக்கூடத் தொடாமல் எழுந்துவிடுவாள்.

முதல் நாளே சண்டைக்குப் போனேன். "இதென்ன கண்காட்சியா? உக்காந்து தின்னு."

"சித்தி, டீச்சர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. நான் தேறிட்டேன்னு அவங்க எவ்ளோ சந்தோஷமா இருக்காங்க தெரியுமா?"

அந்த முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். அதுதான் நான் செய்த தப்பு. குளிர்காலம் முழுக்க அவள் விட்டுப்போன சோற்றை வீணாக்க மனசில்லாமல் நானே தின்றேன். அவள் இளைத்தாள், நான் பெருத்தேன். தடித்த கோட்டுக்குள் அவள் இளைத்தது யார் கண்ணிலும் படவில்லை. மாடியிலிருந்து "ருசியா இருந்துச்சா?" என்று கேள்வி போகும். "ரொம்ப" என்று பதில் வரும்.

மார்ச் மாதம் ஒருநாள், யாருக்கோ கண்ணாடி மாட்டிவிட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே சுருண்டு விழுந்தாள். இதயம் பலவீனமாகிவிட்டது, இப்படியே பட்டினி கிடந்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் மாடிப்படி ஏறிப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன்.

சுனோக் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. ஹேரிம் அனுப்பிய படங்களைப் போனில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.

"அவ எனக்காகத்தான் அந்தப் படத்தையெல்லாம் அனுப்பியிருக்காக்கா. நானும் அப்படித்தான் இருந்தேன். போட்டிக்கு முன்னாடி எடை குறையணும்னு சூயிங்கம் மென்னு மென்னு பேப்பர் கப்புல எச்சில் துப்புவேன். எடை மெஷின் முள்ளு இறங்கினா ஜூடோ மாஸ்டர் தலையைத் தடவிக் குடுப்பார். அந்த ஒரு தடவலுக்காக மூணு வருஷம் பட்டினி கிடந்தேன்."

அன்றே ஹேரிமுக்கு எழுதினாள்: "இனிமே நீ எதுவும் அனுப்ப வேணாம். நான் சாப்பிடறதை உனக்கு அனுப்பறேன்."

ஆறு நாள் மூன்று வேளையும் அனுப்பினாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்ட ஹேரிமிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. அவளை இழந்துவிட்டோம் என்றே நினைத்தேன். ஏழாம் நாள் சுனோக் கீழே இறங்கி வந்து போனை என் முன்னால் நீட்டினாள்.

ஹேரிம் எழுதியிருந்தாள்: "டீச்சர், எல்லாப் படத்துலயும் முட்டையும் வெள்ளரிக்காயும்தான் இருக்கு. கிண்ணம் எப்பவும் பாத்திரம் கழுவுற தொட்டி ஓரத்துலயே இருக்கு. நீங்க உக்காந்து சாப்பிடவே மாட்டீங்களா? சோறு எங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரே கட்டடத்தில் நாலு வருஷம் இருந்தும் இவள் உட்கார்ந்து ஒருவாய் சோறு தின்று நான் பார்த்ததில்லை. ஊருக்கெல்லாம் ருசி கேட்கிறவளை ஒருத்தரும் கேட்கவில்லை. நானும்தான்.

"என்ன பதில் போடப் போறே?"

"உண்மையைத்தான்" என்று சொல்லிவிட்டு, நின்றபடியே எழுதினாள்: "முப்பது வருஷமா நின்னுக்கிட்டேதான் சாப்பிடறேன். நாளைக்கு ஒரு மணிக்குச் சித்தி கடையில உக்காரப் போறேன். தனியா உக்காரப் பயமா இருக்கு. வர்றியா?"

மறுநாள் ஒரு மணிக்கு ஹேரிம் வந்தாள். கோட்டைக் கழற்றினாள். அந்தத் தோள் எலும்பைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. எதிரும் புதிருமாக உட்கார்ந்த இரண்டு பேருக்கும் ஆவி பறக்கும் சோறு வைத்தேன். இரண்டு பேருமே ஸ்பூனை எடுக்கவில்லை.

"ஆறிடும், டீச்சர்" என்றாள் ஹேரிம்.

"நீ மொதல்ல."

"நீங்கதான் பெரியவங்க. நீங்க எடுக்காம நான் எப்படி எடுக்கிறது?"

எங்கள் வழக்கம் அதுதான். மூத்தவர் ஸ்பூனை எடுத்த பிறகுதான் இளையவர் எடுக்கலாம். சுனோக் தப்பிக்க வழியில்லாமல் ஒருவாய் எடுத்து வைத்தாள். மென்றாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. ஹேரிமும் எடுத்தாள். போன் இரண்டும் பையிலேயே கிடந்தன. நான் கடுகடுவென்று முகத்தை வைத்துக்கொண்டு நெத்திலி வறுவலை இன்னும் கொஞ்சம் வைத்தேன்.

ஹேரிமால் பாதிக் கிண்ணம்தான் முடிந்தது. எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு, கிண்ணத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சித்தி, மிச்சத்தை ஒரு டப்பால போட்டுக் குடுங்க. சாயந்திரம் பசிக்கும்."

எனக்கு டப்பாவின் மூடி அகப்படவே இல்லை. கண்ணை நீர் மறைத்துக்கொண்டிருந்தது. சுனோக்தான் எழுந்து வந்து தேடி எடுத்துக் கொடுத்தாள்.