பொம்மைக் கல்யாணத்துச் சிகரெட்

என் தாய்மாமா பொம்மைக் கல்யாணத்தில் சிகரெட் குடித்தவர். சிரிக்காதீர்கள். அதற்கு ஏற்பாடு செய்து கொடுத்தவள் நான். நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

மாமாவுக்குப் போடி கடைவீதியில் ஏலக்காய் வியாபாரம். அப்போதெல்லாம் கல்யாண வீட்டு வாசலில் சந்தனம், கற்கண்டு, வெற்றிலைபாக்கோடு தட்டில் சிகரெட்டும் அடுக்கி வைப்பார்கள். தன் பழக்கம் அந்தத் தட்டோடு சரி, காசு கொடுத்து ஒன்றுகூட வாங்கியதில்லை என்று மாமா பெருமையடிப்பார். ஒரு வருஷம் விடாத இருமல் வந்தது. டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் தொடவே கூடாது என்றார். அத்தை அழுது அடம்பிடித்ததில் மாமா சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். அதிலும் ஒரு சந்து வைத்துக்கொண்டார்.

"கல்யாணத் தட்டுல எடுக்குறதத் தவிர வேற தொட மாட்டேன். சபையில நீட்டுறத வேணாம்னா மருவாதியா இருக்குமா?"

வைகாசியில் அவர் ஒரு முகூர்த்தம் விடவில்லை. பேருக்குப் பத்திரிகை வைத்தவர்கள் வீட்டிலும் முதல் ஆளாகப் போய் நின்றார். "எங்க அண்ணன் மாதிரி ஊர் உறவ மதிக்கிறவுக யாரு இருக்காக?" என்று அம்மா பூரித்துப்போனாள்.

ஆடி பிறந்தது. எங்கள் பக்கம் கல்யாணங்கள் நின்றன. ராயப்பன்பட்டியில் தெரிந்த கிறிஸ்தவ வியாபாரி மகளுக்குக் கல்யாணம் என்று பஸ் ஏறிப் போய் வந்தார். அதற்கப்புறம் அதுவும் இல்லை. மாமா எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார். சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தார். எனக்குப் பாவமாக இருந்தது.

ஒரு மத்தியானம், அத்தை அசந்து தூங்கும் நேரம், அவர்கள் வீட்டுக் கொல்லையில் என் பொம்மைகளுக்குக் கல்யாணம் செய்துகொண்டிருந்தேன். மாமா வந்து குத்தவைத்து உட்கார்ந்தார்.

"ஏத்தா, கல்யாணம்னா தட்டு வைக்க வேணாமா?"

சந்தனத்துக்கு மஞ்சளைக் குழைத்தேன். கற்கண்டுக்குப் பதில் சீனி வைத்தேன். "இன்னொன்னு கொறையுதே" என்று மாமா தொண்டையைச் செருமினார். காசு கொடுத்து வாங்காத மனிதர், மடியிலிருந்து சில்லறையை எடுத்து என் கையில் வைத்தார். நான் பெட்டிக்கடைக்கு ஓடி ஒரு சிகரெட் வாங்கி வந்து, முறையாக இரண்டு கையாலும் தட்டை நீட்டினேன். மாப்பிள்ளை யார், பெண் யார் என்று விளையாட்டுக்காவது கேட்டிருக்கலாம். பொம்மைகளை அவர் பார்க்கவே இல்லை. பதறிப் பற்றவைத்ததில் இரண்டு தீக்குச்சிகள் அணைந்துபோயின. ஒரு பெரிய மனிதருக்குப் பத்து வயதுப் பிள்ளை முன்னால் அப்படி ஓர் அவசரம்!

மறுநாள் அவரே வந்து கேட்டார். "இன்னைக்கு யாருக்குத்தா கல்யாணம்?"

சில நாளில் பொம்மைகள் தீர்ந்துபோயின. அகப்பைக்கும் மோர் கடையும் மத்துக்கும் தாலி கட்டினோம். சில நாள் மூன்று முகூர்த்தம்கூட நடந்தது. மாமா இருமுவார், குடிப்பார், மறுபடி இருமுவார். எழுந்து போகும்போது வாய்க்கு ஓர் ஏலக்காயைப் போட்டுக்கொள்வார்.

ஆடி முடிவதற்குள் ஒரு நாள், மத்தைக் காணோமென்று தேடிக்கொண்டு அத்தை கொல்லைக்கு வந்துவிட்டாள். மத்து கழுத்தில் மஞ்சள் நூலோடு கிடந்தது. பக்கத்தில் தட்டு. மாமா கையில் புகை.

"நான் சத்தியத்த மீறலடி. கல்யாணத் தட்டுலதான் எடுத்தேன். வேணும்னா பிள்ளையக் கேளு."

நான் ஆமாமென்று தலையாட்டினேன்.

அத்தை திட்டவில்லை. "பச்சப்பிள்ள கையில வாங்கி..." என்று தொடங்கியவள் முடிக்காமல் தரையில் உட்கார்ந்தாள். மத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படி ஓர் அழுகை அழுதாள்.

மாமாவுக்கு அடுத்த வைகாசி வாய்க்கவில்லை. அன்றைக்கு அதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? இத்தனை கல்யாணம் நடத்தியும் அத்தையை ஒன்றுக்குக்கூட அழைக்கவில்லையே, அந்த வருத்தத்தில்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். பக்கத்தில் போய் அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன்.

"அழாதீக அத்தே. நாளைக்கு நீங்களும் வாங்க."