தயிர்சாதத்துக்கு முன் மூன்று வாக்கியம்

எங்கள் ஸ்ரீரங்கம் வீட்டில் ஒரு காலத்தில் இங்கிலீஷ் பேசினால்தான் தயிர்சாதம். யூடியூப் பார்த்து அப்பா போட்ட சட்டம் அது. ரசம் முடிந்ததும் ஆளுக்கு மூன்று வாக்கியம் சொல்ல வேண்டும். நேற்று செய்தது, தினமும் செய்வது, நாளைக்குச் செய்யப்போவது. அப்பாவுக்கு நைட் ஷிப்ட் என்றால் ஏழு மணிக்கே இந்தக் கூத்து தொடங்கிவிடும். வெளியே மற்ற பிள்ளைகள் ஷட்டில் அடிக்கும் சத்தம் கேட்கும். எனக்கு இருப்புக்கொள்ளாது.

சொல்வது சரியா தப்பா என்றுதான் அப்பா பார்ப்பார். நிஜமா என்று பார்க்கமாட்டார். “நேற்று லண்டன் போனேன்” என்று இங்கிலீஷில் அளந்துவிட்டு நான் சபாஷ் வாங்கியிருக்கிறேன்.

அப்பாவின் தங்கை, என் அத்தை, அப்போது எங்களோடு இருந்தாள். படிப்பை முடித்துவிட்டு, சென்னையில் வேலைக்குப் போகிறேன் என்று தமிழில் எத்தனையோ முறை கேட்டுப் பார்த்துவிட்டாள். “எல்லாம் கல்யாணத்துக்கப்புறம் பாத்துக்கலாம்” என்பதோடு அப்பா முடித்துவிடுவார். ஒரு நாள், துறையூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் மறுநாள் அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது.

அன்று நான் மூன்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். எஸ்டர்டே ஐ பிளேய்ட், டெய்லி ஐ பிளே, டுமாரோ ஐ வில் பிளே. எழுந்திருக்கப் போன என்னை அப்பா உட்கார வைத்தார். “அத்தை எப்படிச் சொல்றான்னு கேட்டுட்டுப் போ.”

அத்தை இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கடைசி வாக்கியம் இது: “டுமாரோ மார்னிங் ஐ வில் கோ டு சென்னை அண்ட் ஜாயின் எ ஜாப்.”

“வெரி குட்” என்றார் அப்பா. “ஒரு தப்பு இல்ல பாரு.”

அடுத்தது அம்மாவின் முறை. தினமும் இட்லியை வைத்தே ஒப்பேற்றுகிறவள் அன்று, “டுமாரோ ஐ வில் மேக் புளியோதரை” என்றாள்.

அப்பா சிரித்துவிட்டார். “துறையூர்க்காரங்க வர்ற அன்னிக்குப் புளியோதரையா? கேசரின்னு சொல்லு.”

“சும்மா வாக்கியத்துக்குத்தாங்க சொன்னேன்.”

அம்மா அத்தைக்கு இன்னொரு கரண்டி தயிர்சாதம் வைத்தாள். நான் மட்டையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

காலையில் ஷிப்ட் முடிந்து அப்பா வருவதற்குள் அத்தை போயிருந்தாள். அப்பா கத்தின கத்தில் மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். “உன்கிட்ட சொல்லிட்டுத்தானே போயிருக்கா?”

“எல்லார்கிட்டயும்தாங்க சொன்னா” என்றாள் அம்மா. “நீங்ககூட வெரி குட்னு சொன்னீங்க.”

அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அதெல்லாம் கவலையில்லை. வீடு முழுக்கப் புளியோதரை வாசனை, ஆனால் பாத்திரத்தில் ஒரு பருக்கை இல்லை. எனக்குக்கூட வைக்காமல் அவ்வளவையும் யாருக்குக் கட்டிக் கொடுத்தாள் என்று அன்றைக்கெல்லாம் நான் அம்மாவோடு பேசவில்லை.