எருக்கிலைக்காக நொண்டிய நாட்கள்

எருக்கு முளைத்த வளவில் குடி நிலைக்காது என்று எங்கள் குடும்பம் அந்நாட்களில் நம்பியது. குடும்பம் என்றால், என் கணவர் காலமான பிறகு, அவருடைய அக்காவான மச்சாளும் நானும். நம்பிக்கை மச்சாளுடையது, முளைத்ததைப் பிடுங்கி எறியும் வேலை என்னுடையது. அலுவலகத்தில் நான் என்ன செய்கிறேன் என்பதை அவருக்கு விவரமாகச் சொல்லாமலிருந்ததற்கு அதுவே காரணம்.

பூச்சியியல் ஆய்வுகூடத்தில் வளர்ப்பறை என் பொறுப்பில் இருந்தது. அந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. பட்டினி

மன்னாரின் வறண்ட மணலிலிருந்து ஒரு சிறு அந்துப்பூச்சியைக் கொண்டுவந்தோம். மணல் நிறம், விரல்நக அளவு. அதன் புழு எருக்கிலையை மட்டுமே உண்ணும். இலை நரம்பைக் கடித்து, பாலை வடியவிட்டு, அதன் பிறகுதான் உண்ணத் தொடங்கும். வேறெதையும் தொடாது என்று நிறுவுவதே எங்கள் ஆய்வு. முருங்கை, அகத்தி, கத்தரி என்று மூன்று மாதம் இலைகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தோம். தொடவில்லை. ரிப்போர்ட் எழுதினோம்.

அந்த நேரத்தில் பெற்றோல் தட்டுப்பாடு வந்தது. மன்னார் பஸ்ஸில் வரும் எருக்கிலைப் பார்சல் நின்றுபோயிற்று. பெட்டிகளில் நாற்பத்தொரு புழுக்கள். அவை கூடு கட்ட இன்னும் பத்து நாள் வேண்டும். இறந்தால் அடுத்த மழைக்காலம்வரை புதிய முட்டை கிடைக்காது. அதற்குள் நான் ஓய்வு பெற்றுவிடுவேன்.

பிரிவுத் தலைவரிடம் போய்ச் சொன்னேன்.

"முருங்கையைப் போட்டுப் பாரும்," என்றார்.

"சேர், அது முருங்கை தின்னாது எண்டுதானே நாங்கள் ரிப்போர்ட் எழுதினது?"

"அது ரிப்போர்ட். பசிச்சாத் தின்னும்."

அந்த ரிப்போர்ட்டில் முதல் கையெழுத்து அவருடையது. முருங்கையை வைத்தேன். புழுக்கள் ரிப்போர்ட்டின் பக்கம் நின்றன.

2. நொண்டல்

வெள்ளவத்தையில், எங்கள் வீட்டுக்குச் சற்றுத் தள்ளி, கடலோர ரயில் பாதையருகே ஓர் எருக்கம்புதர் நின்றது. இலை பறிக்கப்போன முதல் நாளே ரயில் கடவையில் கேற் மூடித் திறக்கும் காவலர் கண்டுவிட்டார்.

"கக்குல ரிதெனவாத, மிஸ்?"

கால் நோகிறதா என்று கேட்டார். எருக்கிலையைச் சூடாக்கி முழங்காலில் கட்டுவது சிங்கள வீடுகளிலும் வழக்கம். ஓர் அந்துப்பூச்சியின் உணவுப் பழக்கத்தை விளக்குமளவுக்கு என் சிங்களம் போதாது. ஆமென்று தலையாட்டினேன். அன்றுமுதல் ஒவ்வொரு காலையும் அவருடைய கடவையைத் தாண்டும்வரை நொண்டினேன். ஒரு நாள் வலக்கால். மறுநாள், ஞாபகப் பிசகில், இடக்கால். நோவு பரவுகிறது என்று அவர் மிகவும் கவலைப்பட்டார்.

அந்தக் கவலையில் அவர் எங்கள் வீடு எந்தத் தெருவில், எந்த ஒழுங்கையில் என்று விசாரித்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நான் சந்தைக்குப் போயிருந்த வேளையில், புதரில் எஞ்சிய இலை முழுவதையும் பறித்து மச்சாளின் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

3. வாளி

வீட்டுக்குள் நுழைந்தபோது நல்லெண்ணெய் காய்ந்த மணம் வந்தது. பெரும் சண்டையை எதிர்பார்த்தேன். மச்சாளோ கதிரையில் காலை நீட்டி அமர்ந்திருந்தார். இரண்டு முழங்காலிலும் எருக்கிலை, பழகிய கை கட்டிய கட்டு.

"உம்மடை கேற்காரன் நல்ல மனுசன்," என்றார். "எனக்கெண்டு சொல்லிவிட்டனீராக்கும்."

மிச்ச இலை எங்கே என்று கேட்டேன். எல்லாவற்றையும் எண்ணெய் பூசி வாட்டி வைத்திருந்தார். நான் அவர் எதிரே உட்கார்ந்து, மன்னார் முதல் முருங்கை வரை உள்ளதைச் சொன்னேன். இன்னும் நான்கு நாள் தாக்குப்பிடித்தால் போதும் என்றேன்.

அவர் பின்கதவுப் பக்கம் கையைக் காட்டினார்.

"பின்னுக்குத் தண்ணித் தாங்கியடியிலை ஒரு எருக்கு நிக்குது. போய்ப் பறியும்."

எத்தனை வருடமாக நான் பிடுங்கி எறிந்தேன் என்பது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"வளவிலை முளைச்சாத்தான் கூடாது," என்றார். "இது பெயின்ற் வாளியிலை நிக்குது."

தாங்கியின் மறைவில் என் தோளுயரம் வளர்ந்திருந்தது. கிழமைக்கு நான்கு இலை என்று அளந்து பறித்து, அதை அவர் இரகசியமாகக் காத்து வந்திருக்கிறார். முழுவதையும் பறித்தால் உங்கள் முழங்காலுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"எனக்கு நோவோடை இருந்து பழக்கம். உதுகளுக்கு வேறை சாப்பாடு இல்லையே."

அன்று பிற்பகலே இலையோடு ஆய்வுகூடத்துக்குப் போனேன். முப்பத்தாறு புழுக்கள் கூடு கட்டின.

ஓர் உயிர் எதை உண்ணும் என்று அறிந்த பிறகு அதனோடு வாதாடாதீர்கள். அது எங்கே கிடைக்கும் என்று தேடுங்கள். முதலில் வீட்டில் கேளுங்கள். நான் கற்றது இவ்வளவுதான்.

பிரிவுத் தலைவர் மகளிடம் மெல்பேர்ன் போய்விட்டார். கடவைக் காவலருக்கு இடமாற்றம் கிடைத்தது. வெள்ளவத்தை வீட்டில் மச்சாளும் நானும் இருக்கிறோம்.