ஒரு பக்கமாக உட்கார்ந்தவள்

எல்கைப் பந்தயங்களில் வண்டி இழுத்து ஓய்ந்த பழுப்புப் பெண்குதிரை ஒன்றை, சவாரி பழகிய பிறகு விலைக்கு வாங்கினேன். அன்னவாசல் சாலையில் நான் பழகிய சவாரிப் பள்ளியிலேயே அது நிற்கிறது. போன கோடையில் அதன் முதுகில், சேணத்துக்கு அடியில், வலப்புறம் மட்டும் புண் வந்தது. ஆற வைத்தோம். சேணத்தை மாற்றினோம். நான் மறுபடி ஏறத் தொடங்கியதும் அதே இடத்தில் வந்தது.

கால்நடை மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. "குதிரைகிட்ட கோளாறு இல்லைங்க டீச்சர். நீங்க உக்கார்றதுலதான் இருக்கு. அதைச் சரி பண்ண முடியலைன்னா, ஏறாம இருக்கறதுதான் அதுக்கு நல்லது."

வகுப்பில் கூன் போட்டு உட்காரும் பிள்ளைகளைத் திருத்துகிறவள் நான். என் எடையே அந்த வாயில்லாச் சீவனைப் புண்ணாக்கியிருக்கிறது. எப்படி என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

சவாரிப் பள்ளியில் ஓர் இயந்திரக் குதிரை உண்டு. தலை, கழுத்து, பிடரி மயிர் எல்லாம் இருக்கும், கால்கள் கிடையாது. இரும்புத் தாங்கியின் மேல் நின்ற இடத்திலேயே நடக்கும், ஓடும். சேணத்தில் எங்கே அதிகப் பாரம் விழுகிறதோ, எதிரிலுள்ள திரையில் அந்த இடம் சிவக்கும். பயிற்சி தரும் பெண் என்னை அதில் ஏற்றினாள். என் கணவர் ஸ்கூட்டரை நிழலில் நிறுத்திவிட்டு வந்து பின்னால் நாற்காலியில் உட்கார்ந்தார்.

திரையில் வலப்புறம் மட்டும் சிவந்தது.

"நேரா உக்காருங்க டீச்சர்."

"நேராத்தானேம்மா உக்காந்திருக்கேன்."

எனக்கு அப்படித்தான் தோன்றியது. அவள் என் இடுப்பைப் பிடித்து நடுவுக்குத் தள்ளியபோது, இடப்பக்கம் விழப்போகிறேன் என்று அலறினேன். திரையில் அப்போதுதான் இரண்டு பக்கமும் ஒரே நிறமாயின. "விழற மாதிரி இருக்கா? அப்ப சரியா உக்காந்திருக்கீங்க" என்று கையை எடுத்தாள். உடனே உடம்பு பழையபடி வலப்பக்கம் சாய்ந்து முறுக்கிக்கொண்டது. வலது கை கடிவாள வாரை விட்டுவிட்டு எதையோ தேடியது.

பின்னாலிருந்து சிரிப்பு வந்தது.

"என்னங்க சிரிப்பு?"

"இந்தா, நீ குதிரை மேல இல்ல. என் வண்டியில பின்னாடி உக்காந்திருக்க. கை கம்பியத் தேடுது பாரு."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "எவ்வளவு நாளா சார் இப்படி உக்கார்றாங்க?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து."

இரண்டு கால்களையும் இடப்புறம் தொங்கவிட்டு, வலது கையால் முன் இருக்கைக் கம்பியைப் பிடித்து, வலது இடுப்பிலேயே பாரத்தைப் போட்டு, சாலையைப் பார்க்க உடம்பை முறுக்கி உட்காருவேன். பள்ளிக்கூடம், சந்தை, கோயில், எங்கே போனாலும் அப்படித்தான். அன்று சுடிதார் போட்டிருந்தும் அப்படித்தான் வந்திருந்தேன். இயந்திரத்தின் மேலேயே எனக்குக் கண் கலங்கியது. வெறும் பழக்கம்தானா! பழக்கமென்றால் மாற்றிக்கொள்ளலாமே.

"வண்டியிலயும் இனிமே ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்காருங்க" என்று அவள் சொல்லி அனுப்பினாள். அன்றே அப்படி ஏறினேன். கொஞ்ச தூரம் போனதும் கணவர் வேகத்தைக் குறைத்தார்.

"ஏம்மா, வண்டி ஒரு பக்கமா இழுக்கவே இல்ல! வீல்தான் கோணல்னு அந்த மெக்கானிக்கை என்ன பேச்சு பேசிட்டேன்!"

"போய் மன்னிப்புக் கேளுங்க."

"நீ வா. நீதானே கோணல்."

குதிரைக்குப் புண் ஆறும்வரை இயந்திரத்திலேயே பழகினேன். கண்ணை மூடி உட்காருவேன். சரியென்று தோன்றும்போது திறந்து திரையைப் பார்ப்பேன். முதலில் எல்லாம் தப்பு. பிறகு தப்புகள் குறைந்தன. மழைக்காலம் தொடங்குவதற்குள் மருத்துவர், "ஏறிப் பாருங்க" என்றார்.

அன்று காலை மைதானத்தைச் சுற்றி நடையும் ஓட்டமுமாகச் சவாரி செய்துவிட்டு இறங்கி, சேணத்தைத் தூக்கிப் பார்த்தேன். முதுகெலும்புக்கு இரு புறமும் வியர்வை ஒரே அகலத்தில் படிந்திருந்தது. பயிற்சி தரும் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் குனிந்து இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"நல்லாருக்கு டீச்சர். அதுக்குத் தண்ணி காட்டுங்க" என்றாள்.