மேளத்தை நிறுத்திய மூன்றாவது நாடகம்

எங்கள் சபையில் ஈஸ்டர் இசைநாடகம் நடந்துகொண்டிருந்தது. வசனமே கிடையாது, எல்லாம் பாட்டு. இயேசு உயிர்த்தெழும்போது கல்லறைக் கல் புரளும் காட்சிக்கு ட்ரம்ஸை ஓங்கி அடிக்கச் சொல்லியிருந்தேன். அடி விழுந்ததும் கோரஸ் பெண்கள் அத்தனை பேரும் மேடையிலிருந்து குதித்து வெளியே ஓடிவிட்டார்கள். எல்லோரும் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். திடீர்ச் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும் என்பது அங்கே முதல் நாள் பாடம். ரிகர்சலில் ட்ரம்ஸுக்குப் பதிலாக நான் மேஜையைத்தான் தட்டியிருந்தேன். இயேசு வேடம் போட்ட தபால்காரர் மட்டும் மேடையில் தனியாக நின்றார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

சிவகாசியில் பாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சபைக்காக மூன்று நாடகங்களுக்கு இசையமைத்தேன். அவற்றைக் கேட்டால் என்னைப் பற்றி வேறு யாரிடமும் விசாரிக்க வேண்டியதில்லை. முதலாவது, இசைக் கல்லூரியை விட்டு வந்த சூட்டில் போட்டது. தெரிந்த ராகத்தையெல்லாம் கொட்டினேன், கேட்டவர்கள் கொட்டாவி விட்டார்கள். பெண்கள் ஓடியது இரண்டாவதில். ஹெட்மாஸ்டரிடமும் வீட்டிலும் எதற்கெடுத்தாலும் கத்திக்கொண்டிருந்த காலம் அது, பாட்டிலும் கத்தினேன்.

சபைச் செயலாளர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"இன்னும் ஒரு தடவ பாருங்க வாத்தியாரே. அதுவும் சரிப்படலன்னா மதுரை ட்ரூப்ப எறக்கிருவோம். ஒங்க கோரஸு வீட்ல இருக்கட்டும்."

கம்பெனி வேனில் போகும்போதும் வரும்போதும் பாடிப் பாடிப் பழகிய பெண்கள். என்னால் அவர்கள் மேடையை இழப்பதா?

அதே வருடம் என் மனைவிக்கு இருதய ஆபரேஷன். தியேட்டர் கதவைத் திறந்துகொண்டு டாக்டர் வந்தார். அவர் வாய் திறக்கும்வரை வராந்தாவில் அப்படி ஒரு அமைதி. "நல்லா இருக்காங்க" என்றார். நான் அழுதுவிட்டேன். கல் புரளுவதற்கு எந்தச் சத்தமும் வேண்டாம் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மூன்றாவது நாடகத்தின் ரிகர்சலில் கோரஸ் தலைவி செல்வக்கனியிடம் சொன்னேன்.

"இந்த எடத்துல எல்லாம் நின்னுரும். சித்த பொறுத்து நீ மட்டும் மெதுவா எடும்மா."

"எம்புட்டு நேரம் சார் பொறுக்கணும்?"

அவளே யோசித்துச் சொன்னாள்.

"திரி எரிஞ்சு உள்ள போயி, வெடிக்கிறதுக்கு முன்ன ஒரு நேரம் இருக்கும்ல சார். அம்புட்டுத்தான? நான் பாத்துக்கிடுதேன். நீங்க கவலப்படாதீக."

ஈஸ்டர் அன்று கல் புரண்டது. மேளம், ஆர்மோனியம் எல்லாம் நின்றன. எங்கள் ஊரில் திரி கொளுத்திவிட்டு விலகி நிற்காதவர் யார்? ஒருவரும் மூச்சு விடவில்லை. தாழ்ந்த குரலில் "எழுந்தார்" என்று செல்வக்கனி எடுத்தாள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். மேள அடி திரும்பி வந்தபோது சபை மொத்தமும் எழுந்து நின்று கூடவே பாடியது. கோரஸில் ஒருத்திகூட நகரவில்லை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

செயலாளர் மேடைக்கே வந்துவிட்டார். "மதுரைக்காரங்கள வர வேண்டாம்னு சொல்லிருதேன் வாத்தியாரே."

"அங்கன நாங்க வந்து பாடுதோம்னும் சேத்துச் சொல்லிருங்க" என்றாள் செல்வக்கனி.

மறுமாதமே கம்பெனி வேனில் மதுரைக்குப் போய்ப் பாடிவிட்டு வந்தோம். இசையமைக்க வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். பாடப்போகிறவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். ராகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.