முத்தரசுவின் ஆறு எண்கள்

முத்தரசுவின் இடது கை ஓயாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. விரல்கள் படுக்கை விரிப்பைத் தட்டின, நகர்ந்தன, மறுபடி தட்டின. வலது கை தலையணைமேல் நான் வைத்த இடத்திலேயே கிடந்தது. பக்கவாதம் வந்து அன்றோடு பன்னிரண்டு நாள். படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்தவள் நான். ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் காரைக்குடி வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே வேலைக்குச் சேர்ந்தேன். விரிப்பைப் பிறாண்டுகிற நோயாளிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இது பிறாண்டல் இல்லை. மனிதர் டைப் அடித்துக்கொண்டிருந்தார்.

வயது ஐம்பத்து நாலு. இருபது வருஷமாக ஊரில் ஆப்பிள் கம்ப்யூட்டர் என்றால் முத்தரசுதான். கல்யாண ஆல்பம் செய்கிறவர்கள், அச்சகக்காரர்கள், பழைய வீட்டை ஹோட்டலாக்கியவர்கள் என்று முப்பது இடங்களுக்கு மெஷின் வாங்கித் தந்து, பழுது பார்த்து, யோசனையும் சொன்னார். வாட்ஸப்பில் ஒரு குழு வைத்திருந்தார். ஆப்பிள்காரன் எதை வெளியிட்டாலும் மறுநாள் காலை அதில் அவர் குரல் வந்துவிடும். அவர் மனைவி பாண்டீஸ்வரி ஒன்றிரண்டை எனக்குப் போட்டுக் காட்டினாள்.

"புது அப்டேட் வந்திருக்கு. யாரும் தொடாதீக. மூணு வாரம் அமெரிக்காக்காரன் அடிபடட்டும், அப்புறம் நாம பாப்போம். முகூர்த்த மாசத்துல அப்டேட் போட்டுட்டு என்னையக் கூப்பிடாதீக, பிள்ளையாரைக் கூப்பிடுங்க."

நல்ல கணீர்க் குரல். இப்போது அந்த வாயிலிருந்து 'ம்மா' என்ற ஒரு சத்தம்தான் வந்தது.

அவருடைய அப்பா தங்கச்சாமி, கோட்டையூரில் பதினோரு பெரிய வீடுகளின் சாவியை வைத்திருந்தவர். வீட்டுக்காரர்கள் சென்னையிலும் மலேசியாவிலும் இருப்பார்கள், சாவி இவர் இடுப்பில் இருக்கும். எந்தச் சாவியிலும் பெயர் எழுதமாட்டாராம். கொத்து தொலைந்தாலும் எது எந்த வீடு என்று திருடனுக்குத் தெரியக்கூடாது. விரலால் தடவியே அவர் கண்டுபிடித்துவிடுவார். மகனும் அப்படியே செய்தார். எல்லாக் கடைக்கும் பாஸ்வேர்டை அவரே போட்டார். கடைக்காரர்கள் விரலை வைத்தால் மெஷின் திறக்கும். அணைந்து எழுந்தால் மட்டும் விரல் செல்லாது, பாஸ்வேர்ட் கேட்கும். அப்போது இவரே வண்டியில் போய் அடித்துக் கொடுத்துவிட்டு வருவார். சாவியை ஒரு ஆளிடம் விட்டுப் பழகிய ஊருக்கு இதில் தப்பு எதுவும் தெரியவில்லை. அத்தனை பாஸ்வேர்டும் அவர் ஐபோனில் இருந்தது. காகிதத்தில் ஒரு எழுத்து இல்லை, இன்டர்நெட்டிலும் ஏற்றவில்லை. அந்த போனின் ஆறு எண்கள் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

அவர் விழுந்த நாலாம் நாள், அந்த முப்பது இடங்களில் ஒன்றான சத்தியப்பிரியாவின் கல்யாண ஸ்டூடியோவில் கரண்ட் போய், யூபிஎஸ் கைவிட்டு, மெஷின் அணைந்தது. அந்த மெஷினுக்குள் மீனலோசனி ஆச்சி வீட்டுக் கல்யாணப் படங்கள் இருந்தன. மகள் கல்யாணம் முடிந்து ஒன்பதாம் நாள் ஆச்சியின் கணவர் போய்விட்டார். நடமாடிய மனுஷனாக அவர் கடைசியாக இருந்த படங்கள் அவைதான். கேமரா கார்டுகளை அழித்து அடுத்த கல்யாணத்துக்கு எடுத்தாகிவிட்டது. பேக்கப் டிஸ்க் இருந்தது, அதற்கும் முத்தரசு போட்ட பூட்டு. சத்தியப்பிரியா ஆப்பிள் கம்பெனிக்கு போன் போட்டுக் கேட்டாள். மெஷினை அழித்துப் புதிதாக ஏற்றிக்கொள்ளலாம், உள்ளே இருப்பதை எடுக்க வழியில்லை என்று மரியாதையாகச் சொன்னார்கள்.

நான் வருவதற்கு முன்பே போனின் கதை பாதி முடிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் சார்ஜ் இல்லாமல் அணைந்ததால் அதுவும் எண் கேட்டது. கோணிய முகத்துக்கு நேரே யாரோ போனைப் பிடித்துப் பார்த்தார்களாம். பாண்டீஸ்வரி மகன் பிறந்தநாளைப் போட்டாள், கல்யாண நாளைப் போட்டாள், வண்டி நம்பரைப் போட்டாள்.

"ஒன் பொறந்தநாளைப் போட்டியா அக்கா?" என்று கேட்டாள் சத்தியப்பிரியா.

"அது இவுகளுக்கு ஞாபகமிருந்தாத்தானே! பொண்டாட்டி பேரையே பாதி நேரம் மறந்துட்டு, ஏ புள்ளன்னு கூப்பிடுற ஆளு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். முத்தரசுவும் ஒரு பக்க வாயால் சிரித்தார். அதையும் போட்டாள், தப்பு. ஒவ்வொரு தப்புக்கும் போன் கூடுதல் நேரம் பூட்டிக்கொண்டது. இப்படியே ஒன்பது முறை முடிந்தது. பத்தாவதும் தப்பினால் போன் தன்னையே அழித்துக்கொள்ளும். அப்படி வைக்கச் சொல்லி ஊருக்கே யோசனை சொன்னவர் அவர்தான்.

பன்னிரண்டாம் நாள் மாலை, விரிப்பில் தட்டும் கையைச் சத்தியப்பிரியாவும் பார்த்தாள்.

"அண்ணே, நம்பர் ஞாபகம் இருக்கா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினார். வேகமாக ஆட்டினார்.

நான் அவளை வெளியே அழைத்துப்போய்ச் சொன்னேன். "காலையில மூணு விரலைக் காட்டச் சொன்னேன். நாலைக் காட்டிட்டு, சரியாக் காட்டுன மாதிரி என்னையப் பாத்தாரு. மறுபடி கேட்டேன், ரெண்டு. அவரு மனசுல எண் சரியா இருக்கலாம். கைக்கு வரும்போது மாறுது. மாறுனது அவருக்கே தெரியல."

"கொஞ்ச நாள்ல சரியாகுமா?"

"ஆகலாம், ஆகாமலும் போகலாம். ஆறு மாசம் பொறுத்துப் பாரு."

"நாளன்னைக்கு ஆச்சி வந்து ஆல்பம் எங்கேன்னு நிப்பாக. இத்தோட அஞ்சு பொய் சொல்லிட்டேன் நர்ஸம்மா."

உள்ளே முத்தரசு கட்டில் கம்பியைத் தட்டினார். போனைக் காட்டினார். 'ம்மா, ம்மா' என்றார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. பாண்டீஸ்வரி போனை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, சத்தியப்பிரியாவைப் பார்த்தாள்.

"நீ சொல்லு. ஒன் பொழப்பு இது."

சத்தியப்பிரியா அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள். பிறகு, "இத்தனை வருஷம் அவுக அடிச்சுத்தான் தொறந்துச்சு. அவுகளே அடிக்கட்டும்" என்றாள்.

நான் அவரை நிமிர்த்தி, முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து, போனை அசையாமல் பிடித்துக்கொண்டேன். வேண்டாம் என்று ஏற்கெனவே சொல்லியாயிற்று. இரண்டாம் முறை சொல்ல எனக்கு உரிமையில்லை. தயங்காமல் ஆறு எண்களையும் அடித்தார். அடித்துவிட்டு, வேலை முடித்தவர் போலச் சாய்ந்தார்.

திரை கறுத்தது. கொஞ்ச நேரம் கழித்து, புதுப் போனில் வருவதுபோல ஒவ்வொரு மொழியாக வணக்கம் சொன்னது. போன் அழிந்துபோனது எங்களுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவருக்கு உடனே விளங்கிவிட்டது. அந்தத் திரையை எத்தனை பேருக்கு அவர் கையால் திறந்து கொடுத்திருப்பார்! ஒரு சத்தம் போட்டார். ஆடு மாடு போடுகிற சத்தம் அது. அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலை ஆறரைக்குச் சத்தியப்பிரியா கோட்டையூர் போய் மீனலோசனி ஆச்சியிடம் உள்ளதைச் சொன்னாள். ஆச்சி திட்டவில்லையாம். "ஒண்ணுகூடவா இல்ல?" என்று மூன்று முறை கேட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம். அங்கிருந்து நேரே கடைக்கு வந்து, அடுத்த கல்யாண வேலை காத்திருந்ததால், மெஷினை அழித்துப் புதிதாக ஏற்றினாள். பாஸ்வேர்டை இரண்டு காகிதத்தில் எழுதினாள். ஒன்று அவள் பீரோவில். இன்னொன்றை மடித்து, ஒட்டி, மேலே கடையின் பெயரைப் பெரிதாக எழுதி, பாண்டீஸ்வரியிடம் கொண்டுவந்து கொடுத்தாள். முத்தரசு அந்தப் பெயரைப் பார்த்தார், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் அவருக்கு உடம்பு துடைத்து, புரட்டிப் படுக்க வைத்தேன். இடது கை மறுபடி விரிப்பைத் தட்ட ஆரம்பித்திருந்தது. அதை நான் நிறுத்தவில்லை. வலது கை மடங்கி இறுகிவிடாமலிருக்க, ஒரு துணியைச் சுருட்டி உள்ளங்கையில் வைத்தேன்.