அத்தானிடம் கேட்காத கேள்வி

லூயிஷாமில் வீடுகளை வாடகைக்கு விடும் ஓர் அலுவலகத்தில் சிவகௌரிக்கு வேலை. திருத்த வேலைக்கு ஆள் பிடிப்பதும் அவள்தான். பெயின்ற் அடிக்க வரும் வெள்ளைக்காரர்களை அவள் படுத்தும் பாடு அந்தப் பக்கத்தில் பிரசித்தம். பழைய வீடென்றால் பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம், சோதித்தாயா? காய்ந்தபடி தேய்க்காதே, நனைத்துத் தேய். அறையைப் பொலித்தீனால் மூடு. ஈயத் தூசி குழந்தைகளுக்கு விஷம், அது முழுக்கப் போகும்வரை அவர்களை உள்ளே விடாதே. இதற்கெல்லாம் பதில் சொல்லாதவன் ஏணியைத் தூக்கிக்கொண்டு திரும்பவேண்டியதுதான்.

இப்படிப்பட்டவள் குகதாசனிடம் வாயே திறக்கவில்லை. குகதாசன் அவளுடைய கணவனின் தமையன். அகதியாக வந்திறங்கிய காலத்தில் அவர்களுக்குத் தன் வீட்டில் இடம் தந்தவர். அவரிடம் போய் வேலை தெரியுமா என்கிற மாதிரி எதையாவது கேட்டால், குடும்பமே முகம் கொடுத்துப் பேசாது. வெள்ளைக்காரனுக்குச் சட்டம், அத்தானுக்குத் தேத்தண்ணீர். நம்முடைய ஆட்கள் இதை மரியாதை என்பார்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

பெயின்ற் அடிக்க அவள் அவரிடம் கொடுத்த வாடகை வீடு நூறு வருசம் தாண்டியது. குடிவர இருந்தவர்கள் கோயம்புத்தூர்க்காரர்கள்: லலிதா, அவள் கணவன் நவநீத், தவழுகிற வயதில் மகள் ஹம்சினி.

"அக்கா, வெள்ளிக்கிழமை நல்ல நாள். அன்னிக்கே பால் காய்ச்சிடணும், ப்ளீஸ்," என்று லலிதா கெஞ்சியிருந்தாள். குகதாசன் வியாழக்கிழமையே யன்னல் சட்டங்களை மெஷினால் தேய்த்துப் புதுப் பெயின்றும் அடித்துவிட்டார். கெட்டிக்காரர்.

வெள்ளிக்கிழமை பால் பொங்கியது. சிவகௌரிக்கும் ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் கிடைத்தது. வாயில் வைக்கும்போது பார்த்தாள்: யன்னலுக்குக் கீழே மூலையில் ஹம்சினி. உள்ளங்கை முழுக்க வெள்ளைத் தூசி. கை நேரே வாய்க்குப் போனது.

"எதைப் பார்த்தாலும் இவளுக்கு வாய்க்குள்ளதான் போகணும்," என்று லலிதா சிரித்தாள். சிவகௌரி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். வீட்டுக்கு வந்ததும் குகதாசனுக்குப் போன் எடுத்தாள்.

"அத்தான், தேய்க்க முன்னம் பழைய பெயின்றைச் சோதிச்சனீங்களோ?"

"என்ன பிள்ளை, எனக்கும் வகுப்பு எடுக்க வெளிக்கிட்டியோ?"

"இல்லை அத்தான், சும்மா கேட்டனான்."

சும்மாவாம்! அதோடு போனை வைத்துவிட்டாள். குகதாசனின் மகளுக்குக் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில் ஏன் வீண் பிரச்சினை, லலிதா நன்றாகத் துடைத்திருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் தெருவில் தள்ளுவண்டியில் குழந்தை வந்தால் எதிர்ப்பக்கம் கடந்துபோனாள். சிவன் கோயிலுக்குப் போனாள். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் வரக்கூடாது என்று சாமியிடம் கேட்கக்கூட அவளுக்கு வெட்கமாக இருந்தது.

கல்யாணத்தில் அத்தான் தந்த பட்டுச் சேலையை உடுத்திக்கொண்டு சிரித்த முகத்தோடு நின்றாள். மறுநாள் கடையில் ஈயம் சோதிக்கும் குச்சி ஒன்று வாங்கி, யன்னலைப் பார்க்கவேண்டும் என்று லலிதா வீட்டுக்குப் போனாள். மூலையில் மிஞ்சியிருந்த தூசியில் தேய்த்ததும் குச்சி சிவந்தது: ஈயம்தான். அப்போதே லலிதாவிடம் விசயத்தைச் சொல்லி, குழந்தையை டொக்டரிடம் காட்டச் சொன்னாள். அன்றைக்கே அவர்களை வேறொரு பிளாட்டுக்கு மாற்றினாள். தூசி எப்படி வந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஹம்சினியின் இரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தது. இனிமேல் தூசி படாமல் பார்த்தால் மெல்லக் குறையும், ஆனால் மூளை வளர்ச்சியைப் பாதித்ததா என்பது போகப்போகத்தான் தெரியும் என்று டொக்டர் சொன்னார்.

சிவகௌரி புதுப் பிளாட்டுக்குப் போனபோது லலிதா அழுது ஓய்ந்திருந்தாள். ஹம்சினி தவழ்ந்து வந்து சிவகௌரியின் மடியில் ஏறி, வளையலைப் பிடித்து விளையாடத் தொடங்கினாள்.

"எல்லாம் என் தப்புக்கா. நான்தானே வெள்ளிக்கிழமையே பால் காய்ச்சணும்னு உங்களை அவசரப்படுத்தினேன். நீங்க மட்டும் வந்து பார்க்கலேன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது."

சிவகௌரி பேசாமல் இருந்திருக்கலாம். வீட்டில் யாரும் அவளைக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவளால் ஏலவில்லை.

"உங்களிலை பிழை இல்லை, லலிதா. பெயின்ற் அடிச்சவர் என்ரை அத்தான். வேற ஆள் எண்டால் சோதிச்சியோ எண்டு கேட்டிருப்பன். அவரிட்டைக் கேக்கேல்லை. பால் காய்ச்சின அண்டைக்கே பிள்ளையின்ரை கையிலை தூசியைக் கண்டனான். அவரின்ரை மகளின்ரை கல்யாணம் முடியட்டும் எண்டு வாயை மூடிக்கொண்டு இருந்திட்டன்."

லலிதா எழுந்து வந்து ஹம்சினியைத் தூக்கினாள். குழந்தை வளையலை விடவில்லை. லலிதா அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துக்கொண்டு போனாள்.